குழந்தையின் வளர்ச்சி மதிப்பீடு: எதை முதலில் செய்வது, எங்கே தடுக்கி விழுகிறோம்

என் மகனுக்கு இரண்டே கால் வயதில் சந்தேகம் வந்தது, ரிப்போர்ட் கைக்கு வந்தபோது அவனுக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. நடுவில் போன மாதங்களில் பாதி நாங்களே வீணடித்தவை. எல்லாம் செய்தோம், வரிசைதான் தலைகீழ். அதற்கப்புறம் தெரிந்த பெற்றோர் பலருடன் இதே பாதையில் கூடப் போயிருக்கிறேன், கிட்டத்தட்ட எல்லோரும் அதே நான்கைந்து இடங்களில்தான் விழுகிறார்கள்.

இது ஒன்றரை வயதிலிருந்து ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, பேச்சுத் தாமதம், ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும்) போன்ற சந்தேகத்தோடு மதிப்பீட்டுக்குக் கிளம்பும் பெற்றோருக்காக. மருத்துவர் செய்வதை நான் சொல்லித்தரப் போவதில்லை, நம் கையில் இருக்கும் பகுதியை மட்டும் சொல்கிறேன். அது நினைப்பதைவிடப் பெரியது.

1. நோயின் பெயரைத் தேடும் முன், பார்த்ததை எழுதுங்கள்

ஒரு நோட்டு எடுத்து இரண்டு வாரம் எழுதுங்கள். "கவனமே இல்லை", "அடங்க மாட்டேன் என்கிறான்" என்றெல்லாம் எழுதினால் அது தீர்ப்பு, அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. "சாப்பிட உட்கார்ந்தால் மூன்று நிமிடத்தில் எழுந்துவிடுகிறான், சக்கரம் உள்ள பொம்மை கிடைத்தால் நாற்பது நிமிடம் அசைவதில்லை" என்று எழுதினால் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார்.

எத்தனை முறை, எவ்வளவு நேரம், எங்கே, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எப்படி அடங்கியது. இந்த ஐந்தும் இருந்தால் போதும். நல்லதையும் எழுதுங்கள், யார் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள், எதைக் கொண்டுவந்து காட்டினாள் என்பது குறையைப் போலவே முக்கியமான தகவல்.

பெயரை முதலில் தேடினால் என்ன ஆகும் என்றால், அந்தப் பெயருக்குப் பொருந்துவது மட்டும்தான் அப்புறம் கண்ணில் படும். நான் ஒரு ராத்திரி முழுக்கப் படித்துவிட்டு மறுநாள் மருத்துவரிடம் அறிகுறிகளை மனப்பாடமாக ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நேற்று காலையில் எழுந்ததிலிருந்து பையன் என்ன செய்தான், அதைச் சொல்லுங்க" என்றார். என்னிடம் பதில் இல்லை.

2. இவை இருந்தால் நோட்டு எழுதிக்கொண்டு உட்காராதீர்கள்

ஏற்கெனவே பேசிய வார்த்தைகளோ, கையசைத்து டாட்டா காட்டுவது போன்ற பழக்கங்களோ மறைந்துபோவது. எந்த வயதாக இருந்தாலும் இது உடனே காட்ட வேண்டிய விஷயம். அதேபோல், திடீரென வெறித்துப் பார்த்துச் சில விநாடி நின்றுபோவது, கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல் இருந்துவிட்டு எதுவுமே நடக்காதது போலத் தொடர்வது: கவனக்குறைவு மாதிரி தெரியும், ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். அதை வீடியோ எடுத்து அந்த வாரமே காட்டுங்கள்.

பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலிகளோ சுட்டிக்காட்டுதல் போன்ற சைகைகளோ இல்லை, பதினாறு மாதத்தில் தனிச்சொல் ஒன்றுகூட இல்லை, இருபத்து நான்கு மாதத்தில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றாலும் தள்ளிப்போட வேண்டாம். இங்கே "தானாக" என்பதை அழுத்திப் படிக்கவும். விளம்பர வசனத்தை அப்படியே திருப்பிச் சொல்வது இந்தக் கணக்கில் வராது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை, பிறக்க வேண்டிய தேதியிலிருந்து வயதை எண்ண வேண்டும். வீட்டில் இரண்டு மூன்று மொழி புழங்கினால் எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள், பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வராது. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று யாராவது சொன்னால், அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய குடும்ப வரலாறு. சும்மா இருப்பதற்கான காரணமாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

3. காது. எல்லாவற்றுக்கும் முன்னால் காது

நாங்கள் செய்த பெரிய தவறு இதுதான். மாதக்கணக்கில் காத்திருந்து நிபுணரைப் பார்க்கப் போனோம், அறைக்குள் நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி "கேட்கும் திறன் பரிசோதித்தாச்சா?" இல்லை என்றோம். அன்றைக்கு மதிப்பீடு நடக்கவில்லை, பரிசோதனைச் சீட்டு ஒன்றோடு வெளியே வந்தோம்.

காரணம் எளிமையானது. சரியாகக் கேட்காத குழந்தையும் கூப்பிட்டால் திரும்பாது, சொன்னதைச் செய்யாது, பேசத் தாமதிக்கும், தன் உலகத்தில் இருப்பது போலத் தெரியும். இதைத் தள்ளாமல் மேலே எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

"பிறந்தப்பவே பார்த்தாச்சே" என்பது போதாது. பிறகும் கேட்கும் திறன் குறையலாம், சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் ஒரு வாரம் கேட்கும், இன்னொரு வாரம் மந்தமாகும். "டிவி சத்தம் கேட்டா ஓடி வர்றானே" என்பதும் போதாது, சில ஒலி அலைவரிசைகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம், உரத்த சத்தம் கேட்கும், பேச்சு தெளிவாகக் கேட்காது.

செவித்திறன் நிபுணரிடம் போனால் வயதுக்கேற்ப விளையாட்டாகச் செய்யும் பரிசோதனை, காதில் சிறு குழாய் வைத்துச் செய்யும் ஓஏஇ, நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி, தேவைப்பட்டால் ஒலிக்கு நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று அளக்கும் பெரா என்று பார்ப்பார்கள். சின்னக் குழந்தைக்குப் பெரா பெரும்பாலும் தூக்கத்தில்தான் செய்ய முடியும், எனவே அன்று காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் தூங்கவிடாமல் கூட்டிப்போங்கள். வழியில் தூங்கி, உள்ளே போனதும் விழித்துக்கொண்டு, இன்னொரு நாள் வாங்க என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

4. கண், தூக்கம், இரத்தம்

இவை சட்டென்று முடிகிற வேலை. கண் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரவில் குறட்டை, வாயைத் திறந்து மூச்சு விடுவது, புரண்டுகொண்டே இருப்பது இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், டான்சில் அல்லது மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதை பெருத்துத் தூக்கம் கெட்டாலும் பகலில் துறுதுறுப்பும் எரிச்சலும் கவனச்சிதறலும் வரும். களைத்த பெரியவர் சாய்ந்துவிடுவார், களைத்த குழந்தை குதிக்கும்.

இரும்புச்சத்து, தைராய்டு, ஈயம் போன்றவற்றைப் பார்க்க வேண்டுமா என்று குழந்தை மருத்துவர் தீர்மானிக்கட்டும். இரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ, மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜியோ எடுத்து ஆட்டிசத்தையோ ஏடிஎச்டியையோ கண்டுபிடித்துவிட முடியாது. அவை வேறு காரணங்களைத் தள்ளுவதற்குத்தான். "ஸ்கேன் எடுத்தோம், நார்மல்னு வந்துச்சு, அதனால ஒண்ணுமில்ல" என்று நிம்மதியாகி ஒரு வருடம் இழந்த குடும்பம் உண்டு.

5. யாரிடம் போவது, வரிசையில் பெயர் எப்போது போடுவது

முதலில் வழக்கமான குழந்தை மருத்துவர். அவர் ஸ்க்ரீனிங் செய்வார். பதினாறிலிருந்து முப்பது மாதக் குழந்தைக்கு ஆட்டிசத்துக்கான எம்-சாட்-ஆர் என்ற இருபது கேள்விப் படிவம் பரவலாகப் பயன்படுகிறது. மதிப்பெண் இரண்டு வரை இருந்தால் ஆபத்து குறைவு, மூன்றிலிருந்து ஏழு என்றால் மேலும் விளக்கக் கேள்விகள், எட்டும் அதற்கு மேலும் என்றால் நேரே மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள். ஸ்க்ரீனிங் என்பது சல்லடை. அதில் சிக்கிய எல்லோருக்கும் ஆட்டிசம் இருக்காது, தப்பித்த எல்லோருக்கும் இல்லை என்றும் சொல்ல முடியாது. இணையத்தில் நீங்களே போட்டுப் பார்த்த மதிப்பெண்ணும் அப்படித்தான்.

அடுத்தது முழு மதிப்பீடு. இதை வளர்ச்சிக் குழந்தை மருத்துவர், குழந்தை மனநல மருத்துவர், குழந்தை நரம்பியல் மருத்துவர், குழந்தை உளவியலாளர் ஆகியோரில் ஒருவரோ, ஸ்பீச் தெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்) சேர்ந்த குழுவோ செய்யும். போனில் பெயர் பதியும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த வயதுக் குழந்தைகளை வழக்கமாகப் பார்க்கிறீர்களா, எத்தனை முறை வர வேண்டும், எழுத்தில் முழு ரிப்போர்ட் தருவீர்களா. பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஒற்றை வரியில் பெயர் எழுதிக் கொடுக்கும் இடம் என்றால், அது "இருக்கு" என்றாலும் "இல்லை" என்றாலும் நம்பாதீர்கள்.

காதுப் பரிசோதனை முடியட்டும் என்று இதை நிறுத்தி வைக்க வேண்டாம். பெயரைப் பதிந்துவிட்டு, காத்திருக்கும் நாட்களில் காது, கண் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். நாங்கள் ஒன்று முடிந்து ஒன்று என்று போனதால்தான் மாதங்கள் கூடின. யாராவது கடைசி நேரத்தில் வராமல் போனால் கூப்பிடச் சொல்லியும் வையுங்கள், இப்படி முன்கூட்டியே இடம் கிடைத்தவர்கள் நிறைய.

6. காத்திருக்கும்போதே தெரபி தொடங்கலாம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், பெயர் தெரியாமல் எதற்கு தெரபி என்று பெரும்பாலானோர் நிறுத்தி வைப்பதுதான். பேசவில்லை என்பது தெரிகிறது அல்லவா, ஸ்பீச் தெரபி தொடங்க அது போதும். பெயர் என்னவானாலும் முதல் சில மாதங்களின் வேலை பெரிதாக மாறாது: முகம் பார்த்து விளையாடுவது, முறை மாற்றி விளையாடுவது, வேண்டியதைக் கேட்க வைப்பது.

"தெரபி போனா மதிப்பீட்டில் ரிசல்ட் மாறிடாதா?" என்று கேட்பார்கள். குழந்தை முன்னேறினால் அதுவும் மருத்துவருக்குத் தகவல்தான். தொடங்கும் முன் எப்படி இருந்தான் என்பதற்கு வீடியோவும் தேதியும் வைத்துக்கொண்டால் போதும்.

7. ஃபைல்

இங்கே நேரம் செலவழியுங்கள். பிறப்பு விவரம், எடை, எத்தனையாவது வாரம், மஞ்சள் காமாலை அல்லது வலிப்பு வந்ததா, மருத்துவமனையில் இருந்த நாட்கள், குடும்பத்தில் பேச்சுத் தாமதமோ படிப்புச் சிரமமோ வலிப்போ யாருக்காவது இருந்ததா, காதுப் பரிசோதனை அறிக்கை, உங்கள் நோட்டின் சுருக்கம் ஒரே பக்கத்தில்.

எப்போது உட்கார்ந்தான், எப்போது நடந்தான், முதல் சொல் என்ன என்று கட்டாயம் கேட்பார்கள். நினைவை நம்பாதீர்கள், நாம் நினைப்பது முக்கால்வாசி தவறு. போனில் பழைய வீடியோக்களைத் தேதி வாரியாகப் பாருங்கள். எங்கள் மகன் "எப்பவுமே இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம், பதினான்காம் மாதத்து வீடியோ ஒன்றில் அவன் நாயைச் சுட்டிக்காட்டி அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறான். அந்த ஒரு காட்சியால் மருத்துவர் கேட்ட கேள்விகளே மாறிப்போயின.

புது வீடியோ ஐந்தாறு எடுங்கள், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நிமிடம். தனியாக விளையாடுவது, மற்றக் குழந்தைகளுடன் இருப்பது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, ஏதாவது வேண்டும் என்று கேட்பது, ஒரு அடம், உங்களைக் கவலைப்படுத்தும் அசைவு இருந்தால் அது. கேமராவுக்காக "சொல்லு, சொல்லு" என்று தூண்ட வேண்டாம். நாற்பது வீடியோ கொண்டுபோனால் ஒன்றைக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

8. படிவங்கள்: ஆளுக்கு ஒன்று, தனித்தனியாக

தாயும் தந்தையும் சேர்ந்து உட்கார்ந்து பேசி ஒரே பதிலாக ஆக்கிவிடாதீர்கள். தனித்தனியாக நிரப்புங்கள். வேறுபாடு வந்தால் நல்லது, யாரிடம் எப்போது எப்படி இருக்கிறான் என்று அதிலிருந்து தெரியும்.

வைன்லாண்ட் போன்ற அன்றாடத் திறன் கேள்விகளில் "முடியுமா" என்பது கேள்வி இல்லை, "வழக்கமாகத் தானே செய்கிறானா" என்பதுதான் கேள்வி. இங்கே பாசம் குறுக்கே வரும். தண்ணீர் வேண்டும் என்பதை அவள் கண்ணைப் பார்த்தே புரிந்துகொண்டு கொடுத்துவிடுகிறோம், அப்புறம் "கேட்பாளா?" என்ற இடத்தில் "ஆம்" என்று டிக் அடிக்கிறோம். அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

ஏடிஎச்டி சந்தேகத்துக்கு இன்னொருவர் பார்வை கட்டாயம் வேண்டும். அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு மட்டுமல்லாமல் பள்ளி போன்ற இன்னொரு இடத்திலும் தெரிய வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும் என்பது கண்டறியும் விதி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலும் நான்கு வயதிலிருந்துதான் இந்த மதிப்பீட்டைப் பேசுகிறது. மூன்று வயதுக் குழந்தை ஓடுவதை வைத்து யாராவது ஏடிஎச்டி என்று முடிவுகட்டினால் இன்னொருவரிடம் கேளுங்கள். நான்கு, ஐந்து வயதில் உறுதியானாலும், அதே வழிகாட்டல் முதலில் சொல்வது பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி, மருந்து அதற்குப் பிறகுதான்.

ஆசிரியருக்கான படிவத்தைக் குழந்தையை நன்றாகத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பள்ளி திறந்து இரண்டே வாரத்தில் புது ஆசிரியரிடம் கொடுத்து வாங்கிய ஒரு படிவத்தை நான் பார்த்தேன், எல்லாக் கட்டத்திலும் "சில சமயம்". அது வெற்றுக் காகிதம்தான். வகுப்பிலேயே வயதில் சின்னவன் என்றால் அதையும் மேலே எழுதிவிடுங்கள். பதினோரு மாதம் மூத்த பிள்ளைகளோடு ஒப்பிடப்படும் குழந்தைக்கு ஏடிஎச்டி என்ற பெயர் விழும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள்.

9. முந்தின நாளும் அன்றும்

நேரம் கேட்கும்போதே குழந்தை தெளிவாக இருக்கும் நேரத்தைக் கேளுங்கள். மதியத் தூக்கத்தை இடித்துக்கொண்டு வைத்த மதிப்பீட்டில் அளக்கப்படுவது தூக்கக் கலக்கம்தான். காய்ச்சல் என்றால் தேதியை மாற்றுங்கள், இவ்வளவு நாள் காத்திருந்தோமே என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

குழந்தையிடம் "ஒருத்தரோட விளையாடப் போறோம், சில விளையாட்டு ஈசியா இருக்கும், சிலது கஷ்டமா இருக்கும்" என்று சொன்னால் போதும். "ஊசியெல்லாம் போட மாட்டாங்க" என்று சொல்லாதீர்கள், அதுவரை ஊசி நினைப்பே இருந்திருக்காது. பிடித்த பொம்மை, சாப்பிட ஏதாவது, கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடி, மாற்று உடை. கூட வருபவர் குழந்தையோடு தினமும் இருப்பவராக இருக்கட்டும், நான்கு பேர் வந்து நான்கு கதை சொல்ல வேண்டாம்.

கேள்விகளை இணையத்தில் தேடிப் பயிற்சி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மதிப்பெண் கூடி, தேவையான உதவி கிடைக்காமல் போகும், அதுதான் மிச்சம். இதே காரணத்தால் ஒரே அறிவுத்திறன் சோதனையைச் சில மாத இடைவெளியில் வேறு இடத்தில் மறுபடி எடுக்காதீர்கள், முன்பு எது எப்போது எடுத்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

10. அறைக்குள்: கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்

இதுதான் மிகக் கஷ்டம். ஆட்டிசத்துக்கு ஏடிஓஎஸ் என்ற மதிப்பீடு நடந்தால், அது நாற்பதிலிருந்து அறுபது நிமிட விளையாட்டு மாதிரிதான் இருக்கும். மதிப்பிடுபவர் வேண்டுமென்றே பாதியில் நிறுத்துவார், குழந்தைக்குப் பிடித்ததைக் கொடுக்காமல் சும்மா காத்திருப்பார். அவர் பார்ப்பது, குழந்தை எப்படிக் கேட்கிறது, கண்ணைப் பார்க்கிறதா, கையைப் பிடித்து இழுக்கிறதா என்பதை. அந்த நொடியில் நாம் பாய்ந்து உதவினால் பார்க்க வந்த விஷயமே போய்விடும். நான் மூடி திறந்து கொடுத்தேன். மிக மரியாதையாக "அப்பா, கொஞ்சம் பின்னாடி உட்காருங்க" என்றார்கள்.

"வீட்டில நல்லா சொல்லுவான்" என்பதை அப்போதே சொல்லாமல் எழுதி வைத்து முடிவில் சொல்லுங்கள், வீடியோ இருந்தால் காட்டுங்கள். தலைகீழாகவும் நடக்கும்: வீட்டைப் புரட்டிப்போடுகிறவன் புது அறையில், ஒரே ஆளோடு, புதுப் பொம்மைகளோடு அவ்வளவு அமைதியாக இருப்பான். ஏடிஎச்டி உள்ள குழந்தைகளுக்கும் இது சகஜம், அறையில் அமைதியாக இருந்தான் என்பதற்காக அதைத் தள்ளிவிட முடியாது. படிவங்களும் ஃபைலும் அங்கேதான் கை கொடுக்கும்.

கிளம்பும் முன் கேளுங்கள்: "இன்றைக்கு நீங்கள் பார்த்தது அவனுடைய வழக்கமான நடத்தைதானா என்று எங்களிடம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?" இந்தக் கேள்விக்குப் பிறகு எங்களிடம் அரை மணி நேரம் பேசினார்கள்.

11. ரிப்போர்ட்டைப் படிப்பது

முதல் பக்கத்தில் பிறந்த தேதியையும் வயதையும் சரிபாருங்கள். சிரிக்காதீர்கள், தேதி தவறினால் வயது தவறும், வயது தவறினால் மதிப்பெண் எல்லாமே தவறும். எந்த மொழியில் சோதித்தார்கள், அது குழந்தைக்கு நன்றாகத் தெரிந்த மொழிதானா என்று பாருங்கள்.

பல சோதனைகளில் சராசரி 100 என்று வைத்திருப்பார்கள், 85லிருந்து 115 வரை பெரும்பாலான குழந்தைகள் வருவார்கள். பெர்சென்டைல் என்பது நூற்றுக்கு எத்தனை மார்க் என்பது கிடையாது. 9ஆவது பெர்சென்டைல் என்றால், அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரை வரிசையாக நிற்க வைத்தால் கீழிருந்து ஒன்பதாவது இடத்துக்குப் பக்கத்தில் என்று அர்த்தம். என் மனைவி அதை ஒன்பது மார்க் என்று நினைத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. மொத்த எண்ணைவிடப் பிரிவுகளுக்கு இடையிலான ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள், புரிந்துகொள்வது நன்றாகவும் பேசுவது பின்தங்கியும் இருந்தால் வேலை எங்கே என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசிப் பகுதியான பரிந்துரையில் "தெரபி தேவை" என்று மட்டும் இருந்தால் திரும்பக் கேளுங்கள். எந்த தெரபி, வாரம் எத்தனை முறை, முதலில் எதைக் குறிவைப்பது, பள்ளியில் என்ன மாற்றம் வேண்டும், மரபணுப் பரிசோதனை தேவையா. தகவல் பிழை இருந்தால் உடனே எழுதிக் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள், இந்தக் காகிதம் பள்ளிக்கும் மற்ற மருத்துவர்களுக்கும் வருடக்கணக்கில் போய்க்கொண்டிருக்கும்.

முடிவு உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் இரண்டாவது கருத்து கேட்கலாம், அதில் தப்பில்லை. முதல் ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். அதை ஒளித்து வைத்துவிட்டு "புதுசா பாருங்க" என்றால் பழைய சோதனையே மறுபடி நடக்கும், மேலே ஒன்பதாவது பகுதியில் சொன்ன சிக்கல்தான். மூன்றாவது, நான்காவது என்று போய்க்கொண்டே இருப்பவர்களைப் பார்க்கிறேன், அவர்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்விதான்: இடையில் தெரபி நடக்கிறதா?

12. அடுத்த தேதி

சின்ன வயதில் செய்த மதிப்பீட்டுக்கு ஆயுள் குறைவு. ஐந்து வயதுக்குள் பல குழந்தைகளுக்குப் பொதுவாக வளர்ச்சித் தாமதம் என்ற பெயர்தான் கிடைக்கும், பிறகு பார்க்கும்போது அது வேறொன்றாகத் தெளிவாகலாம், இல்லாமலும் போகலாம். எனவே திரும்ப எப்போது பார்ப்பது என்பதை அறையை விட்டு வரும் முன்பே கேட்டுத் தேதியை வாங்கிவிடுங்கள். அப்புறம் போன் செய்து கேட்கலாம் என்று வந்த நாங்கள் மறுபடியும் வரிசையின் கடைசியில் நின்றோம். வீட்டுக்கு வந்ததும் அதே நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, அன்றைய தேதியைப் போட்டு, இப்போது என்னென்ன சொல்கிறான் என்று எழுதத் தொடங்குங்கள். அடுத்த முறை முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.